பழைய அச்சுப்படங்களில் நாய்: எல்லாமே விசுவாசமா?

கேள்வி, ஜூன் 2

ஓவிய வரலாற்று வகுப்பு ஒன்றில், "ஐரோப்பியப் பழைய படத்தில் நாய் வந்தால் விசுவாசம் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்கள். 1500 முதல் 1760 வரை வந்த செப்புத்தகட்டு அச்சு, மரச்செதுக்கு அச்சு எதைப் புரட்டினாலும் ஒரு மூலையில் நாய் இருக்கிறது. அத்தனையும் விசுவாசம்தானா?

ஜூன் 2

இல்லை. ஜெர்மானிய ஓவியர் டியூரர் ஒருவரை எடுத்துக்கொண்டாலே போதும்.

1513, 1514 என்ற இரண்டே ஆண்டுகளில் ஆல்பிரெக்ட் டியூரர் மூன்று பெரிய என்கிரேவிங்குகளை, அதாவது செப்புத்தகட்டில் உளியால் கோடு வெட்டி எடுக்கும் அச்சுகளைச் செய்தார். 'வீரன், மரணம், சாத்தான்', 'படிப்பறையில் புனித ஜெரோம்', 'மெலன்கோலியா 1'. மூன்றிலும் நாய் உண்டு. வீரனின் குதிரைக் காலடியில் ஓடுகிற நாய்க்கு நீண்ட முடி, காது பின்னால் மடிந்திருக்கிறது, வழியில் மரணமே வந்து நின்றாலும் அதன் ஓட்டம் நிற்கவில்லை. ஜெரோமின் நாய் ஒரு சிங்கத்துக்குப் பக்கத்தில் கவலையில்லாமல் தூங்குகிறது. மெலன்கோலியாவின் நாய் விலா எலும்பு தெரியத் தரையில் சுருண்டு கிடக்கிறது.

முதல் நாயை விசுவாசம் என்று வாசித்திருக்கிறார்கள், வாசிக்கலாம். மூன்றாவதை எப்படி வாசிப்பது? கரும்பித்த சுபாவம், அதாவது காரணம் தெரியாத ஆழ்ந்த சோர்வு, அதற்கு உரிய பிராணி நாய் என்று அந்தக் காலப் படிப்பாளிகள் நம்பினார்கள். அந்த வழியில் வந்த நாய் அது. அந்த நம்பிக்கையைத் தெரிந்துகொள்ளாவிட்டாலும் பட்டினி கிடந்த உடம்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே கை, ஒரே உளி, இரண்டு வருஷம், மூன்று நாய். மூன்றும் வேறு வேறு.

ஜூன் 2, இரவு

'புனித யூஸ்டேஸ்' படத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டால் டியூரர் பேச்சே முழுமையாகாது. 1501 வாக்கில் செய்தது. அவருடைய என்கிரேவிங்குகளிலேயே பெரியது, உயரம் 35 சென்டிமீட்டருக்கு மேல். கதை இதுதான்: பிளாசிடஸ் என்ற ரோமானியப் படைத்தலைவன் வேட்டைக்குப் போகிறான், துரத்திய மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவை தெரிகிறது, குதிரையை விட்டு இறங்கி மண்டியிடுகிறான், மதம் மாறி யூஸ்டேஸ் ஆகிறான்.

மான் பின்னால் நிற்கிறது. முன்னால், நம் கண்ணுக்கு மிக அருகே, ஐந்து வேட்டைநாய்கள். ஒன்றுகூட மானைப் பார்த்துப் பாயவில்லை. வேட்டைநாய் ஐந்து சும்மா இருக்கிற இடத்தில் மான் சும்மா நிற்கிறது என்பதே அதிசயம்தான், ஆனால் அந்தக் கணக்குக்காக மட்டும் ஐந்து நாயை இவ்வளவு உழைத்து வரைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்று நிற்கிறது, ஒன்று படுத்திருக்கிறது, ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வயிறு உள்ளே ஒடுங்கி மார்புக்கூடு பிதுங்கும் அந்தக் கிரேஹவுண்ட் வளைவை மனிதர் எவ்வளவு ரசித்துப் பார்த்திருக்கிறார்! இதற்கென்று அவர் தூரிகையில் வரைந்து பார்த்த ஒரு கிரேஹவுண்ட் இன்றும் வின்ட்ஸர் அரச சேகரிப்பில் இருக்கிறது.

இத்தாலியர் வசாரி, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர், இந்தப் படத்தைப் பேசும்போது தனியாக எடுத்துப் புகழ்வது நாய்களைத்தான். இதைவிட அழகாக இருக்க முடியாது என்கிறார். புனிதருக்கு அந்தப் பாராட்டுக் கிடைக்கவில்லை.

ஜூன் 3

"அப்படியானால் விசுவாசம் என்ற கதை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டவருக்கு: அதுவும் அச்சிலிருந்துதான் வந்தது. 1531இல் ஆக்ஸ்பர்க்கில் ஆண்ட்ரேயா அல்சியாட்டோவின் சின்னப்புத்தகம், அதாவது குறியீட்டுப் படங்களின் தொகுப்பு, அச்சானது. ஒரு சிறு மரச்செதுக்குப் படம், அதற்கு ஒரு லத்தீன் பாட்டு, இப்படிப் பக்கம் பக்கமாக. அதில் மனைவியின் கற்பைப் பற்றிய சின்னத்தில் கணவனும் மனைவியும் கைபிடித்திருக்க, காலடியில் ஒரு நாய்க்குட்டி விளையாடுகிறது. இந்தப் புத்தகம் ஐரோப்பா முழுக்க மறுபடி மறுபடி அச்சாகி ஓவியர்களின் மேசைக்குப் போனது. நம் வகுப்பறை வாய்ப்பாடு அங்கே பிடித்த வேர்.

ஆனால் அதே புத்தகத்தின் பின்வந்த பதிப்புகளில் நிலாவைப் பார்த்துக் குரைக்கும் நாயும் இருக்கிறது. பயனில்லாத ஆவேசத்துக்கு அது சின்னம். சூரியனைப் பார்த்து நாய் குரைத்த மாதிரி என்று நாம் சொல்வதேதான், இங்கே பகல், அங்கே இரவு. சின்னப்புத்தகக்காரர்களே நாய்க்கு ஒரே ஒரு வேலைதான் என்று சொன்னதில்லை.

ஜூன் 5

சின்னம் எதுவுமே இல்லாத நாய் வேண்டுமென்றால் டியூரருக்கும் முன்னால் போக வேண்டும். ரைன் நதியின் நடுப்பகுதியில் 1470 முதல் 1500 வரை வேலை செய்த ஒரு கலைஞர், பெயர் தெரியாது. அவர் படம் வரைந்த ஒரு கையேட்டை வைத்து 'ஹவுஸ்புக் மாஸ்டர்' என்கிறார்கள். அவருடைய அச்சுகளில் பெரும்பகுதி ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது, அதனால் 'ஆம்ஸ்டர்டாம் கேபினட் மாஸ்டர்' என்றும் பெயர். 1475, 1480 வாக்கில் அவர் ஒரு நாயைச் செய்தார். உட்கார்ந்து, உடம்பை முறுக்கி, பின்னங்காலைத் தூக்கிச் சொறிந்துகொள்கிற நாய். அவ்வளவுதான் படம். எஜமானும் இல்லை, புனிதரும் இல்லை, வேட்டையும் இல்லை.

இது டிரைபாயிண்ட். தகட்டை ஆசிட்டில் போடுவதில்லை, பியூரின் என்ற வெட்டுளியால் வெட்டி எடுப்பதும் இல்லை. கூரான ஊசியால் நேரடியாகக் கீறுவது. கீறும்போது உலோகம் இரு பக்கமும் பிசிறாக எழும்பும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துவைத்துக்கொண்டு அச்சில் கோட்டைச் சற்றுப் பரவலாக, மிருதுவாக விடும். நாய் முடிக்கு இதைவிடப் பொருத்தமான கோடு கிடையாது.

நான் படித்த அச்சுப் பட்டறையில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். துத்தநாகத் தகடு, ஊசி, பட்டறை வாசலில் எந்நேரமும் படுத்திருக்கிற ஒரு செவலை நாய். முதல் பிரதியில் முதுகு முடி அப்படியே சிலிர்த்துக்கொண்டு வந்தது. பிரஸ்ஸின் உருளை ஒவ்வொரு முறை மேலே ஏறி இறங்கும்போதும் பிசிறு நசுங்கும். கொஞ்ச நேரத்தில் என் நாய் முடி வழித்த நாயாகிவிட்டது. சில டஜன் பிரதிகளுக்கு மேல் டிரைபாயிண்டில் நல்ல பிரதியை எதிர்பார்க்க முடியாது. ஹவுஸ்புக் மாஸ்டரின் அச்சுகள் உலகத்தில் இவ்வளவு அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 550 வருஷத்துக்கு முன்னால் சொறிந்த நாயின் பிசிறு இன்னும் காகிதத்தில் மிருதுவாக இருக்கிறது என்றால், அது தகடு தேய்வதற்கு முன் எடுத்த பிரதி.

ஜூன் 6

மேலே ஒருவர் "இனம் என்ன?" என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டுக்கொண்டே போகிறார். இன்றைய இனப்பெயர்களை அப்படியே பின்னால் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். அன்று நாயைப் பிரித்தது வேலையை வைத்து. ஜான் கையஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர், விலங்கியலாளர் கெஸ்னருக்காக எழுதிய 'பிரிட்டிஷ் நாய்கள்' என்ற லத்தீன் நூல் 1570இல் வந்தது, 1576இல் ஆங்கிலத்தில். அதில் மோப்பம் பிடிப்பது, ஓடிப் பிடிப்பது, பறவை எழுப்புவது, ஆடு மேய்ப்பது என்று வரிசை போகிறது. சமையலறையில் சக்கரத்துக்குள் ஓடி இறைச்சிக் கம்பியைச் சுழற்றும் நாய்க்கும் தனி இடம் உண்டு. சீமாட்டிகளின் மடிநாயைப் பற்றிச் சொல்லும்போது, வயிற்று நோவுக்கு அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் இதம் என்கிறார். மருத்துவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 9

கோல்ட்சியஸ். இதற்காகத்தான் இந்த இழையிலேயே நான் நுழைந்தேன்.

ஹார்லெம் நகரம், 1597. ஹென்ட்ரிக் கோல்ட்சியஸின் நண்பர் டிர்க் டி ஃப்ரீஸ் என்ற ஓவியர் வெனிசில் இருக்கிறார். அவருடைய மகன் ஃபிரெடெரிக் இங்கே கோல்ட்சியஸின் பொறுப்பில் வளர்கிறான். பையன் கையில் ஒரு பறவையோடு பெரிய நாய் மேல் காலைப் போட்டு ஏறப் பார்க்கிறான். நாய் கோல்ட்சியஸ் வீட்டு நாய். அச்சு அந்தத் தகப்பனுக்குக் காணிக்கை. உன் பிள்ளை நன்றாக இருக்கிறான், இதோ பார் என்று வெனிசுக்குப் போன சேதி என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

கீழே உள்ள லத்தீன் வரிகள் குழந்தையின் கள்ளமின்மையையும் நாயின் விசுவாசத்தையும் சேர்த்துப் பேசுகின்றன. கேள்வி கேட்டவரே, இங்கே உங்கள் வகுப்பு சொன்னது முழுக்கச் சரி. எழுதியே வைத்திருக்கிறார்.

ஆனால் என் கண் வரிகளுக்குப் போவதில்லை. என்கிரேவிங்கில் பியூரினின் பிடியை உள்ளங்கையில் வைத்துத் தகட்டுக்குள் தள்ள வேண்டும். வளைவு வேண்டுமென்றால் கையைத் திருப்புவதைவிடத் தகட்டைத் திருப்புவதே முறை, அடியில் தோல் மெத்தை இருக்கும். அழுத்தினால் கோடு பருக்கும், விட்டால் மெலியும். கோல்ட்சியஸ் அந்தப் பருத்து மெலியும் கோட்டில் அவர் காலத்தில் யாருக்கும் எட்டாத உயரத்துக்குப் போனவர். இதே கோட்டை வைத்துத்தான் மற்றப் படங்களில் தேவர்களின் தசையை உருட்டினார். இந்தப் படத்தில் அதை நாயின் முதுகுக்கும் காதுக்கும் கொடுத்தார். முடி சுருளாக விழும் இடத்தில் கோடு பருத்து வந்து, நுனியில் ஒன்றுமில்லாமல் கரைகிறது. மூக்குப் பக்கம் முடி குட்டை, அங்கே கோடும் குட்டை. ரைக்ஸ் மியூசியம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பெரிய படத்தை நெருக்கிப் பாருங்கள். ஒரு இடத்திலும் கோடு தடுமாறவில்லை.

நான் பிடித்தபோது பியூரின் தகட்டைவிட என் இடது கட்டை விரலைத்தான் அதிகம் பார்த்தது. ஒரு கன்னத்து முடிக்கு ஒரு பகல் போய்விடும். கோல்ட்சியஸ் குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்து வலது கை வெந்து, விரல்கள் சரியாக விரியாமலே போய்விட்டன. கரல் ஃபான் மாண்டர் 1604இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. கோல்ட்சியஸ் தாமே அந்தக் கையைத் தனியாக வரைந்து வைத்திருக்கிறார், 1588 தேதியிட்ட அந்த வரைபடம் ஹார்லெம் டெய்லர்ஸ் மியூசியத்தில் உள்ளது. பியூரினைப் பிடிக்க அந்தக் கை தோதாக அமைந்தது என்று சொல்வார்கள். வெந்த கை செய்த நாய் அது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த முதுகுமுடியைப் பார்க்கும்போது எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

ஜூன் 9, பிற்பகல்

கூட்டத்தில் நாய் பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி: ழாக் கல்லோ, 'இம்ப்ருனேத்தா சந்தை', 1620. ஃபிளாரன்ஸுக்கு அருகே நடக்கும் சந்தை, எட்சிங், அதாவது தகட்டில் கோட்டை ஆசிட் அரித்து உண்டாக்கிய அச்சு. எண்ணிப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு 1138 மனிதர், 45 குதிரை, 67 கழுதை, 137 நாய். எட்டு மனிதருக்கு ஒரு நாய். நம் ஊர்ச் சந்தையில் நின்றவர்களுக்கு இந்த விகிதம் நியாயமாகவே படும்.

ஜூன் 12

ரெம்பிராண்ட்.

தூங்கும் குட்டிநாய், 1640 வாக்கில். எட்சிங், மேலே கொஞ்சம் டிரைபாயிண்ட். அகலம் சுமார் 8 சென்டிமீட்டர், உயரம் 4. விசிட்டிங் கார்டைவிடச் சின்னது. முதலில் ஒரு பெரிய தகட்டின் மூலையில் இருந்தது இந்த நாய். பிறகு மற்ற இடத்தை வெட்டி எடுத்துவிட்டு நாயை மட்டும் தனித் தகடாக்கினார். வெட்டுவதற்கு முன் எடுத்த பிரதி பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மூலையில் இருந்ததைப் படமாக்கலாம் என்று அவர் முடிவு செய்திருக்கிறார், அது எனக்குப் பெரிய விஷயம். இதை உண்மை அளவில் அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

'நல்ல சமாரியன்', 1633. அடிபட்டவனைச் சத்திரத்து வாசலில் குதிரையிலிருந்து இறக்குகிறார்கள். நற்செய்தியில் இரக்கத்துக்கே இலக்கணமான இடம். அதன் முன்னால், நமக்கு மிக அருகே, ஒரு நாய் உட்கார்ந்து மலம் கழிக்கிறது. இதை விசுவாசம் என்று எழுதி வையுங்கள் பார்க்கலாம்! கண்ணியக் குறைவு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். இரக்கம் ஒரு கோவில் மாடத்தில் நடக்கவில்லை, ஒரு சத்திர வாசலில், ஒரு பெண் கிணற்றில் நீர் இறைக்க, நாய் தன் வேலையைப் பார்க்க, சாதாரண நேரத்தில் நடந்தது. நாயை எடுத்துவிட்டால் வாசலும் போய்விடும்.

ஜூன் 13

நேற்றுத் தூக்கம் வந்துவிட்டது, தோபித்துவை எழுதவில்லை.

கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தோபித்து நூல் தெரியும். மற்றவர்களுக்கு: பார்வை இழந்த முதியவர் தோபித்து. மகன் தோபியா ஒரு வானதூதரோடு நெடும்பயணம் போய், அப்பாவின் கண்ணுக்கு மருந்தோடு திரும்புகிறான். போகும்போது நாயும் கூடவே போகிறது. விவிலியத்தில் வீட்டு நாயாக, துணையாக ஒரு நாய் நடந்து போகும் இடம் வேறு எங்கே இருக்கிறது சொல்லுங்கள். லத்தீன் வுல்காத்தாவில் இன்னும் ஒரு வரி கூடுதலாக உண்டு: வீடு நெருங்கியதும் நாய் முன்னால் ஓடிவந்து, சேதி கொண்டுவந்தவனைப் போல வாலை ஆட்டியது.

1651இல் ரெம்பிராண்ட் எடுத்தது அந்த நொடியை. மகன் படத்தில் இல்லை. கிழவர் குரல் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பின்னால் ராட்டினம் சாய்ந்து கிடக்கிறது, அடுப்புக்கு மேல் மீன் தொங்குகிறது. கையை நீட்டிக் கதவைத் தேடுகிறார். கை கதவுக்கு நேரே இல்லை, பக்கத்தில் சுவரில் தடவப் போகிறது. நாய் அதற்குள் உள்ளே வந்து அவர் காலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மகன் வந்துவிட்டான் என்பதற்கு வீட்டுக்குள் இருக்கும் ஒரே சாட்சி அது, கிழவர் தடுக்கி விழ வாய்ப்பு இருப்பதும் அதனால்தான்.

என் தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியாது. யார் வருகிறார்கள் என்று அவருக்கு எங்கள் நாயை வைத்துத்தான் தெரியும். நான் வந்தால் அதன் நகம் தரையில் படுகிற சத்தம் வேறு. அவரும் இப்படித்தான் எழுந்து சுவரைத் தடவுவார், நாயும் இப்படித்தான் காலுக்குள் வரும், பாட்டி திட்டுவது நாயைத்தான். ரெம்பிராண்ட் இதை எங்கோ பார்க்காமல் செய்திருக்க முடியாது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

விசுவாசம் என்று இந்த நாயைச் சொல்லலாமா? தாராளமாக. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு நகர்ந்தால், காலுக்குள் வந்து மாட்டிக்கொள்கிற சந்தோஷத்தை இழந்துவிடுவோம்.

ஜூன் 14

தோபியாவின் நாய் இங்கிலாந்தில் அரசியல் பேசியது என்றால் நம்புவீர்களா? உள்நாட்டுப் போர்க் காலம். மன்னர் தரப்புக் குதிரைப்படைத் தலைவர் இளவரசர் ரூபர்ட்டிடம் 'பாய்' என்று ஒரு வெள்ளை நாய், பூடில் வகை. எப்போதும் கூடவே இருக்கும். அது சூனியக்காரியின் ஏவல், குண்டைப் பல்லால் கவ்விப் பிடிக்கும் என்றெல்லாம் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. 1643இல் வந்த ஒன்றில் ரூபர்ட்டின் நாய் 'படில்', தோபியாவின் நாய் 'பெப்பர்', இரண்டும் எதிரெதிரே நின்று வாதாடுகின்றன. முகப்பில் மரச்செதுக்குப் படம். 1644 ஜூலை 2, மார்ஸ்டன் மூர் போரில் பாய் கொல்லப்பட்டது. உடனே ஓர் இரங்கல் பிரசுரம், எதிர்த்தரப்பின் கொண்டாட்டம்தான் அது. படத்தில் ஒரு சிப்பாய் நாயைச் சுடுகிறான், பக்கத்தில் ஒரு சூனியக்காரி.

மரச்செதுக்கு முரடானது. நாய் நாயாகத் தெரிவதே பெரும்பாடு. ஆனால் எழுத்தோடு சேர்த்து ஒரே அழுத்தில் அச்சாகும், மலிவு, அடுத்த நாளே தெருவுக்கு வரும். டியூரரின் கிரேஹவுண்டைவிட இந்த முரட்டு நாயைப் பார்த்த கண்கள் இங்கிலாந்துத் தெருக்களில் நிச்சயம் அதிகம்.

மூன்று வருஷம் கழித்து, 1647இல், மேத்யூ ஹாப்கின்ஸ் என்ற சூனிய வேட்டைக்காரனின் சிறு நூல் வந்தது. முகப்புப் படத்தில் ஏவல் பிராணிகள் பெயரோடு நிற்கின்றன. 'ஜர்மாரா' காலே இல்லாத கொழுத்த ஸ்பானியல். 'வினிகர் டாம்' கிரேஹவுண்ட் உடம்பு, எருதுத் தலை. பார்க்கச் சிரிப்பு வரும். அந்தப் பெயர்களை வாயிலிருந்து வரவழைக்க ஒரு கிழவியைப் பல இரவுகள் தூங்கவிடாமல் வைத்திருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சிரிப்பு வராது.

ஜூன் 18

சில நாள் எழுதவில்லை. அடுத்ததை எழுதுவதா வேண்டாமா என்று இருந்தது.

தியோடர் டி பிரை. லியேஜில் பிறந்த புராட்டஸ்டண்ட், அகதியாக வெளியேறி ஃபிராங்பர்ட்டில் அச்சகம் வைத்தவர். அமெரிக்கா பக்கம் போனதே இல்லை. பிறர் எழுதிய பயண நூல்களுக்குச் செப்புத்தகட்டுப் படம் போட்டு 'அமெரிக்கா' என்ற வரிசையை வெளியிட்டார். 1594இல் வந்த நான்காம் பாகத்தில் ஒரு படம்: பனாமாவில் ஸ்பானியப் படைத்தலைவன் பல்போவா தன் நாய்களை ஏவிப் பழங்குடியினரைக் கொல்வது. சம்பவம் 1513இல் நடந்தது. அவர்கள் இயற்கைக்கு மாறான உறவு கொண்டவர்கள் என்று குற்றம் சாட்டி, சுமார் 40 பேரை நாய்க்குப் போட்டதாக வரலாற்றாளர் பீட்டர் மார்ட்டிர் அந்தக் காலத்திலேயே பதிவு செய்திருக்கிறார்.

நாய்கள் அழகாக இருக்கின்றன. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உடலைக் கவ்வி இழுக்கும் நாயின் தோள் எப்படித் திரளும் என்று தெரிந்த கை. மேலே ஸ்பானியர்கள் பட்டும் தொப்பியுமாக நின்று, பேசிக்கொண்டு, வேடிக்கை பார்க்கிறார்கள். டி பிரைக்கு ஸ்பெயின்மேல் கோபம் உண்டு, இது பிரச்சாரம் என்று சொல்வார்கள், அதுவும் உண்மை. ஆனால் நாய் ஏவியது கற்பனை இல்லை, ஸ்பானியர்களே எழுதி வைத்தது. பல்போவாவின் நாய் 'லியோன்சிகோ'வுக்குப் போர்வீரனைப் போலக் கொள்ளையில் பங்கு கிடைத்தது என்று ஸ்பானிய வரலாற்றாளர் ஒவியேதோ எழுதினார்.

இந்த இழையின் முதல் கேள்விக்கு நான் 'இல்லை' என்று எழுதிய பதிலோடு இதையும் சேர்க்க வேண்டும். இந்த நாய்கள் முழு விசுவாசத்தோடுதான் இருக்கின்றன. ஏவினால் போகின்றன. நாயின் விசுவாசத்தைப் புகழ்ந்த சின்னப்புத்தகங்கள் விற்ற அதே சந்தையில் இந்தப் படமும் விற்றது. விசுவாசத்தை மறுக்க எனக்கு மனமில்லை, அது யாருக்குப் பயன்பட்டது என்பதையும் அச்சுக்காரர்கள் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 19

வேட்டைநாயை மட்டும் தனியே பார்க்க விரும்புகிறவருக்கு: ஆன்ட்வெர்ப்பின் யான் ஃபைட், 1642, நாய்கள் மட்டுமே கொண்ட எட்டு எட்சிங்குகள். விலங்கு ஓவியர் ஸ்னைடர்ஸிடம் தொழில் பழகியவர். நேற்று எழுதியதற்குப் பிறகு எனக்கும் அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஜூன் 22

லண்டன் ஓவியர் ஹோகார்த். கேள்வியில் 1760 வரை என்று இருப்பதால் உள்ளே வருகிறார்.

'கொடுமையின் நான்கு நிலைகள்', 1751. முதல் படம் லண்டன் செயின்ட் ஜைல்ஸ் தெரு. டாம் நீரோ என்ற பையன் ஒரு நாயின் ஆசனவாயில் அம்பைச் செருகுகிறான். நல்ல உடை உடுத்த இன்னொரு சிறுவன் தன் கையிலிருந்த பலகாரத்தைக் கொடுத்து விடச் சொல்லிக் கெஞ்சுகிறான். சுற்றிலும் இன்னும் பல கொடுமைகள். ஒரு மூலையில் ஒருவன் நாய் வாலில் எலும்பைக் கட்டுகிறான். அந்த நாய் அவன் கையை நக்கிக்கொண்டிருக்கிறது.

அந்த நாய் நக்குவதைப் பெரிய படத்தில் நெருக்கிப் பார்க்காதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, பாருங்கள் என்றும் தோன்றுகிறது. எங்கள் தெருவில் தீபாவளிக்கு நாய் வாலில் சரவெடி கட்டிய பையன்களைத் தெரியும். கட்டும்வரை அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. நான் பக்கத்தில் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. பலகாரம் நீட்டிய பையனைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

நான்காம் படத்தில் தூக்கிலிடப்பட்ட நீரோவை மருத்துவர்கள் அறுக்கிறார்கள், கீழே விழுந்த அவன் இதயத்தை ஒரு நாய் தின்கிறது. கடைத்தெருவில் ஒட்டினாலும் புரிய வேண்டும் என்பதற்காகவே கோடுகளை முரடாக வைத்தார். விலை ஒரு ஷில்லிங். ஏழைகள் வாங்க இன்னும் மலிவாக மரச்செதுக்கில் போடலாம் என்று முயன்று, இரண்டு படங்களோடு அது நின்றுபோனது.

ஜூன் 22, இரவு

ஹோகார்த்தின் சொந்த நாயைக் கேட்டிருக்கிறார்கள். பக், பெயர் 'டிரம்ப்'. 1745இல் தன்னையும் நாயையும் சேர்த்து வரைந்தார், 1749இல் அதை அச்சாக்கினார். 1763இல் கவிஞர் சார்லஸ் சர்ச்சில் அவரைக் கேவலப்படுத்தி ஒரு கவிதை வெளியிட்டார். ஹோகார்த் புதுத் தகடு தேடவில்லை. அந்தப் பழைய தகட்டையே எடுத்துத் தன் முகத்தைத் தேய்த்து அழித்தார். செப்பில் அழிப்பது லேசான வேலை இல்லை: கோடு ஆழம்வரை சுரண்டி, மெருகுக் கருவியால் தேய்த்து, குழி விழுந்தால் பின்னாலிருந்து தட்டி மேலே கொண்டுவர வேண்டும். முகம் இருந்த இடத்தில் பாதிரி உடையில் ஒரு கரடி, அதுதான் சர்ச்சில், ஒரு கையில் பீர்க் குவளை, இன்னொரு கையில் தடி. தடியின் ஒவ்வொரு முடிச்சிலும் 'பொய்' என்று எழுதியிருக்கிறது.

தன்னை அழித்தவர் நாயை வைத்துக்கொண்டார். நாய் சர்ச்சிலின் கவிதைமேல் சிறுநீர் கழிக்கிறது. அடுத்த ஆண்டு ஹோகார்த் இறந்துவிட்டார்.

ஜூன் 25

"பூனை ஏன் இவ்வளவு குறைவு?" என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள், கொர்னேலிஸ் விஷ்ஷரின் தூங்கும் பூனையோடு வருகிறேன். இங்கே நாய் பாக்கி இருக்கிறது. ஸ்ட்ராடானஸின் வேட்டை வரிசை 104 தகடுகள், அதை இன்னும் தொடவே இல்லை. யாராவது பார்த்தவர்கள் எழுதுங்கள், குறிப்பாகக் காட்டுப்பன்றி வேட்டையில் நாய்களுக்குக் கவசம் கட்டியிருக்கும் தகடு உண்டா என்று.